வெள்ளறுகு: பேத்தமங்களாப் புல்தரையில் ஒரு பெயரும் ஒரு செடியும்

பாலாறு கோலார் மாவட்டத்தில் பேரேரியாகத் தேங்கும் இடங்களுள் ஒன்று பேத்தமங்களா. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவ்வூரின் பெயர் குடிநீரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். சுரங்கக் குடியிருப்புகளுக்குக் குழாய் வழியே தண்ணீர் வந்தது அங்கிருந்துதான். அத்தகைய ஏரிகளின் கரைச் சரிவிலும், நீர் வடிந்த மேட்டிலும், ஆடு மாடு மேயும் புல்தரையிலும் வளரும் சிறு செடி ஒன்று உண்டு. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். இலைக் கக்கங்களில் சிறு வெண்பூக்கள் கொத்தாக ஒட்டியிருக்கும். இலையைக் கிள்ளி நாவில் வைத்தால் கசப்பு நெடுநேரம் நீங்காது. தமிழில் அதன் பெயர் வெள்ளறுகு.

பெயரைக் கேட்பவர் அறுகம்புல்லில் ஒரு வகை என்றே எண்ணுவர். ஆனால் அது புல்லே அன்று. ஐரோப்பிய மலைகளின் நீலப்பூச் செடிகளும், இமயத்தின் சிராயிதாவும், வட அமெரிக்கப் புல்வெளிகளின் ஊதாப் பூக்களும் சேர்ந்த ஜென்ஷியன் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியச் சமவெளியில் அக்குடும்பத்தின் மிகப் பரவலான உறுப்பினர்களுள் ஒன்று இது. அப்படியிருந்தும் இச்செடியை ஐயமின்றி அடையாளம் காண்பது முந்நூறு ஆண்டுகளாக எளிதாக இருக்கவில்லை. பெயரும் செடியும் தனித்தனி வழிகளில் போனதே அதற்குக் காரணம்.

பேத்தமங்களாவின் பெயரும் அப்படி மாறி வந்ததே. பாண மன்னன் விசயாதித்தனின் பெயரால் அவ்வூர் முன்பு விசயாதித்தமங்கலம் எனப்பட்டது. 10ஆம் நூற்றாண்டில் நுளம்பர் காலத்தில் அதன் பேரேரி செப்பனிடப்பட்ட செய்தியைக் கல்வெட்டு தருகிறது. கோலார் மாவட்டக் கல்வெட்டுகளை 1905இல் லூயிஸ் ரைஸ் தொகுத்து வெளியிட்டபோது, கன்னடத்தோடு தமிழும் அந்நிலத்தின் பழைய எழுத்து மொழி என்பது தெளிவாயிற்று. சோழர் ஆட்சியில் கோலார் குவளாலம் என்றும், அதைச் சூழ்ந்த நாடு நிகரிலிச் சோழ மண்டலம் என்றும் வழங்கின. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் அந்நிலத்துக்கு மற்றொரு தமிழைக் கொண்டுவந்தனர். பாலாறு கீழே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே அவர்களது பழைய ஊர்களைத் தொட்டே கடலுக்குப் போகிறது. 1903 நவம்பரில் மைசூர் எல்லைக்குள் ஏரிகள் உடைந்து பாலாறு பெருகியபோது வாணியம்பாடி அழிவுக்குள்ளானது, இவ்விரு நிலங்களும் ஒரே நீரால் கட்டப்பட்டவை என்பதைக் கொடுமையாக உணர்த்தியது.

தமிழ், கன்னடம், தெலுங்கு என்னும் மூன்றும் புழங்கும் இந்நிலத்தில் செடிப்பெயர்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் கவனிக்கலாம். நிலவேம்பு கன்னடத்தில் நெலபேவு, தெலுங்கில் நேலவேமு. தரையில் வளரும் வேம்பு என்னும் பொருள் மூன்றிலும் சொல்லுக்குச் சொல் ஒத்து நிற்கிறது. அறுகு அப்படியன்று. கன்னடத்தில் அது கரிகெ, தெலுங்கில் கரிக. ஆகவே ‘நிலவேம்பு’ என்பவரைப் பக்கத்து மொழிக்காரர் உடனே புரிந்துகொள்வார்; ‘வெள்ளறுகு’ என்பவர் செடியைப் பிடுங்கிக் காட்ட வேண்டியிருக்கும்.

வெள்ளறுகு என்னும் சொல்லின் பின்னுள்ள நோக்கு மதிக்கத் தக்கது. புல்லோடு புல்லாகத் தரையை ஒட்டி வளர்தல், குறுகி நீண்ட இலை, வெண்மையான பூ ஆகிய மூன்றையும் இரு சொற்களில் அடக்கிய பெயர் அது. வளரும் இடத்தையும் தோற்றத்தையும் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை. தமிழ்ச் செடிப்பெயர்கள் எப்போதும் இப்படித்தான் என்று கருதுவதும் பிழை. கீழாநெல்லியும் பெருநெல்லியும் உருவத்தில் ஒன்றுக்கொன்று தொலைவானவை. ஒன்று களைச்செடி, மற்றொன்று மரம். ஆனால் இலையடுக்கையும் காயையும் கண்டு இரண்டையும் ‘நெல்லி’ என்று மக்கள் சேர்த்தனர். தாவரவியலும் அவற்றைப் பில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைக்கிறது. நெல்லியில் பெயர் உறவைக் கண்டுகொண்டது. அறுகில் தோற்றத்தோடு நின்றது. எந்தப் பெயர் எதைச் சொல்கிறது என்பது பெயரிலிருந்து மட்டும் தெரியாது. செடியைப் பார்த்தே அறிய வேண்டும்.

எதைப் பார்ப்பது? முதலில் இலை. அறுகம்புல்லின் இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறித் தோன்றும். தண்டைச் சுற்றி உறை இருக்கும். வெள்ளறுகில் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். காம்பு இல்லை என்றே சொல்லலாம். இலையின் நீளவாக்கில் மூன்று நரம்புகள் புலப்படும். இவ்வளவிலேயே அது புல்லினத்திலிருந்து விலகிவிடுகிறது.

அடுத்த குழப்பம் நத்தைச்சூரியோடு. அதற்கும் எதிரிலை, கோணமுள்ள தண்டு, கணுவில் ஒட்டிய வெண்பூக் கொத்து. ஏரிக்கரையில் இரண்டும் அருகருகே வளரக்கூடியவை. வேறுபாடு கணுவிலேயே இருக்கிறது. நத்தைச்சூரியின் இரு இலையடிகளுக்கும் இடையே இலையடிச் செதில் உண்டு. அதன் விளிம்பில் முடிபோன்ற நீட்சிகள் தெரியும். வெள்ளறுகின் கணுவில் அவை கிடையா. நத்தைச்சூரிப் பூவுக்கு நான்கு இதழ் மடல்கள், வெள்ளறுகுக்கு ஐந்து. நத்தைச்சூரியில் சூற்பை பூவின் கீழே அமைந்திருக்கும். வெள்ளறுகில் பூவின் உள்ளே, புல்லிவட்டத்துக்கு மேலே இருக்கும். கனிந்தபின் அதுவே இரண்டாகப் பிளக்கும் சிறு வெடிகனியாகிறது; உள்ளே நுண்விதைகள் பல.

இறுதியாக மொட்டு. விரியாத மொட்டில் இதழ் மடல்கள் குடைத்துணியைச் சுருட்டியதுபோல ஒன்றன்மேல் ஒன்று முறுக்கியிருப்பது ஜென்ஷியன் குடும்பத்தின் பொதுமுத்திரை. எதிரிலை, இலையடிச் செதிலின்மை, முறுக்கிய மொட்டு, மேல்நிலைச் சூற்பை, கசப்பு ஆகிய ஐந்தும் ஒருங்கே அமைந்தால் குடும்பம் பெரும்பாலும் உறுதியாகிவிடும். இவற்றுள் கசப்பை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். வேம்பும் பாகலும் நிலவேம்பும் கசப்பவைதாம், ஒன்றுக்கொன்று உறவில்லை.

குடும்பத்தின் பெயர் ஜென்ஷியஸ் என்னும் மன்னனுடையது. அட்ரியாட்டிக் கடற்கரையில் இல்லிரிய நாட்டை ஆண்டு, கி.மு. 168இல் உரோமரிடம் தோற்றவன் அவன். அச்செடியின் கசப்பு வேரின் பயனைக் கண்டறிந்தவன் அவனே என்று பிளினி முதலிய பழைய ஆசிரியர்கள் எழுதினர். ஆக்க வந்த அரசு அழிந்தது. செடியில் பெயர் நின்றது. வட அமெரிக்காவின் பெரும்புல்வெளிகளிலும் இக்குடும்பப் பூக்கள் உண்டு. அங்கே ஒரு வகையின் நீலப்பூ முழுதாக மலர்ந்தாலும் மொட்டுப் போலவே மூடியிருக்கும். வலிமையுள்ள பெருந்தேனீ இதழ்களை நெக்கி உள்ளே புகுந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நடைபெறும். மற்றொரு புல்வெளிச் செடியான யூஸ்டோமா, லிசியாந்தஸ் என்னும் வணிகப்பெயரில் இன்று பெங்களூரின் பூங்கொத்துக் கடைகளில் விற்பனையாகிறது. தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர் விலைகொடுத்து வாங்கும் அப்பூவும், ஊரின் ஏரிக்கரையில் கால்பட்டு நசுங்கும் வெள்ளறுகும் ஒரே குடும்பத்தின் உறவினர்கள்.

இந்த உறவு தமிழ்நிலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு எப்படித் தெரியவந்தது என்பதே வரலாற்றின் அடுத்த பகுதி. 1690களில் சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரங்களில் செடிகளைச் சேகரித்து உலர்த்தி, அவற்றின் தமிழ்ப் பெயர்களோடும் பயன்களோடும் இலண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றைப் பற்றி இராயல் கழகத்தின் இதழில் எழுதினார். உலர்ந்த அச்செடிகள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சுலோன் தொகுப்பில் உள்ளன. உச்சரிப்பு சிதைந்திருப்பினும் அம்முறையில் ஒரு சிறப்பு இருந்தது. பெயரும் செடியும் ஒரே தாளில் இருந்தன. பெயர் பிழை என்று தோன்றினால் செடியைப் பார்க்கலாம். செடி ஐயமானால் பெயரைக் கேட்கலாம்.

இதே ஒழுக்கத்தை மேற்குக் கரையிலும் காணலாம். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலுக்கு இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் செடிகளையும் பெயர்களையும் தந்தார். அதில் ‘கஞ்சன்கோரா’ என்ற பெயரில் வரையப்பட்ட சிறு செடியைக் கொண்டே, 1785இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க், ஜென்ஷியன் குடும்பத்தில் கன்ஸ்கோரா என்னும் பேரினத்தை அமைத்தார். உலகத் தாவரவியலில் நிலைத்த தென்னிந்தியச் சொற்களுள் ஒன்று அது. ஆனால் தமிழில் கஞ்சாங்கோரை என்பது துளசியினத்துச் செடி. ஒலியில் இவ்வளவு நெருங்கிய பெயர் மலையின் இருபுறமும் இரு வேறு குடும்பங்களைக் குறிக்கிறது. ரீடின் நூலில் படம் இல்லாமல் பெயர் மட்டும் இருந்திருந்தால், தமிழறிந்தவர் எவரும் கன்ஸ்கோராவைத் துளசி என்றே கொண்டிருப்பர்.

தரங்கம்பாடியின் கதை இன்னும் நெருக்கமானது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் அங்கு வந்தபின், தேனிய மிஷனைச் சேர்ந்த போதகர்கள் செடி சேகரிப்பில் இறங்கினர். அவர்களுள் யோகான் பீட்டர் ராட்லர் 1776இல் வந்தவர். பின்னர் சென்னைக்கு மாறி 1836இல் இறந்தவர். தரங்கம்பாடி வட்டத்தின் உலர்செடிகள் பெர்லினில் இருந்த வில்டெனோவுக்குச் சென்றன. வெள்ளறுகுக்கு அவர் இட்ட பெயர் எக்சாகம் ஹைசோபிபோலியம். ஐரோப்பியரின் ஹைசோப்பு மூலிகையைப் போன்ற இலையுடையது என்று பொருள். தமிழர் அறுகை நினைத்ததுபோலவே பெர்லின் அறிஞரும் தமக்குப் பழகிய ஒன்றையே நினைத்தார்.

ராட்லர் தாவரவியலாளர் மட்டுமல்லர். பெரிய தமிழ் – ஆங்கில அகராதியையும் தொகுத்தவர். 1834இல் வெளிவரத் தொடங்கிய அவ்வகராதி அவர் மறைவுக்குப் பின் பிறரால் 1841இல் நிறைவுற்றது. அவருடைய உலர்செடித் தொகுப்போ இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து கியூ தோட்டத்தை அடைந்தது. சொல்லை அறிந்த அதே மனிதர் செடியையும் அறிந்திருந்தார். அவருக்குப் பின் சொற்கள் சென்னையில் அகராதியாக நின்றன. செடிகள் இங்கிலாந்தில் தாள்களாக நின்றன. அகராதியைத் திறப்பவருக்குத் தாள் கிடைப்பதில்லை. தாளைத் திறப்பவருக்கு அகராதி தேவைப்படுவதில்லை. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் தமிழ்ச் செடிப்பெயர்களுக்கு நேர்ந்தது இதுவே.

இலத்தீன் பெயரும் ஓயவில்லை. 1826இல் சாவகத் தீவின் செடிகளை ஆராய்ந்த புளூம் இச்செடிக்கு எனிகோஸ்டெம்மா லிட்டொரேல் என்று பெயரிட்டார். லிட்டொரேல் என்றால் கடற்கரைக்குரியது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட்டின் காலத்தில் அது சிசெண்டியா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டது. 1880களில் ஹூக்கரின் ‘பிரித்தானிய இந்தியத் தாவரங்கள்’ நூலில் மீண்டும் எனிகோஸ்டெம்மா லிட்டொரேல் ஆயிற்று. கடலிலிருந்து தொலைவில், தக்காண மேட்டுநிலத்தின் தங்கவயலை ஒத்த ஊர்களில் வளரும் செடிக்கும் கடற்கரைச் செடி என்றே பெயர் வழங்கிற்று. லமார்க் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதனை ஜென்ஷியானா ஆக்சில்லாரிஸ் என்று விவரித்திருந்ததால், முந்திய பெயருக்கே உரிமை என்னும் விதிப்படி 1969இல் அலின் ரெய்னால் எனிகோஸ்டெம்மா ஆக்சில்லாரே என்று திருத்தினார். ஆக்சில்லாரே என்றால் இலைக் கக்கத்துக்குரியது. அறுகையோ ஹைசோப்பையோ கடற்கரையையோ சொல்லாமல், செடியில் கண்ணால் காணக்கூடிய ஒன்றைச் சொல்லும் பெயர் இறுதியில் நிலைத்தது. இந்தியாவின் மருந்தாய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இன்றும் பழைய லிட்டொரேல் தொடர்கிறது. ஒரே செடியைப் பற்றிய ஆய்வுகள் இரு பெயர்களில் சிதறுவதால், ஒன்றைத் தேடுபவர் மற்றதைத் தவறவிடுகிறார்.

இவையெல்லாம் பெயர் விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. கசப்பு மூலிகைகள் மருந்தாகச் செல்பவை. இமயத்துச் சிராயிதா 1839இல் எடின்பரோ மருந்து நூலில் இடம்பெற்ற பின் அதற்கு ஏற்றுமதிச் சந்தை உருவாயிற்று. சந்தை உருவானதும் கலப்படமும் வந்தது. சிராயிதா என்ற பெயரில் விற்கப்பட்டவற்றுள் நிலவேம்பு முதன்மையானது. நிலவேம்பின் தண்டு நாற்கோணமும் பச்சையும் உடையது. சிராயிதாவின் தண்டு அடியில் உருண்டையாய், பழுப்பு ஊதா நிறமாய், நடுவே மஞ்சள் நெட்டியோடு இருக்கும். உலர்ந்து துண்டுபட்ட குச்சியில்கூட இதைக் காணலாம். தூளாக அரைத்தபின் கண்ணால் காண முடியாது. வடநாட்டில் வெள்ளறுகை ‘சோட்டா சிராயதா’, அதாவது சிறு சிராயிதா என்று அழைப்பதால் மூன்றாம் செடியும் இக்குழப்பத்தில் சேர்கிறது. இங்குப் பெயர் உறவைச் சரியாகவே சொல்கிறது. இரண்டும் ஜென்ஷியன் குடும்பம், இரண்டிலும் சுவெர்ஷியாமரின் என்னும் கசப்புப்பொருள் உண்டு. நிலவேம்போ கனகாம்பரத்தின் குடும்பம். அதன் கசப்பு ஆண்ட்ரோகிராபோலைடு என்னும் வேறு பொருளால் வருவது. டெங்குக் காலங்களில் தமிழக அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரை அருந்திய இலட்சக்கணக்கானோர் நம்பியது அக்குறிப்பிட்ட செடியைத்தான். கசப்பான ஏதோ ஒன்றை அன்று.

சங்கபுஷ்பி என்னும் சமஸ்கிருதப் பெயர் இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. வங்காள வைத்தியர் அப்பெயரால் கொள்வது கன்ஸ்கோராவை, வடநாட்டில் கன்வால்வுலஸ், சிலரிடம் விஷ்ணுகிராந்தி, கேரளத்தில் காக்கணம். ஒரே சுவடி வரியை நான்கு வைத்தியர் படித்தால் நான்கு செடிகள் உரலுக்கு வரும். தமிழ்ச் சுவடிகளில் ‘வெள்ளறுகு’ என்று காணும் இடத்திலும் இந்த எச்சரிக்கை வேண்டும். வெண்ணிறமான அறுகம்புல்லையே ‘வெள்ளறுகு’ என்று பொருள்கொள்ளச் சொல் இடம் தருகிறது.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தாளும் அகராதியும் போதா. வளரும் செடியும் அதை அறிந்த மனிதரும் வேண்டும். இரண்டுமே குறைந்து வருகின்றன. வருவாய்த்துறைக் கணக்கில் ஏரிக்கரைப் புல்தரையும் மேய்ச்சல் கோமாளமும் பெரும்பாலும் தரிசு. 1980களில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் கோலார் மாவட்டமெங்கும் யூகலிப்டஸ் நடப்பட்டது. அதை அங்கே நீலகிரி மரம் என்பர். நிலத்தடி நீர் வற்றுவதாக எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2017இல் கருநாடக அரசு புதிதாக அதை நடுவதைத் தடை செய்தது. மரமில்லாத நிலம் வெற்று நிலம் என்று கருதியதால், அதில் முன்பே நின்ற புல்லும் பூண்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலும் உழவுக்கு முந்திய பெரும்புல்வெளியில் மிகச் சிறு பங்கே எஞ்சியது. பழைய கல்லறைத் தோட்டங்களிலும் இரயில் பாதை ஓரங்களிலும் தங்கிய துண்டுகளில்தான் பழைய பூக்களைத் தேடுகின்றனர். கோலாரில் அத்தகைய எச்சம் ஏரிக்கரை.

அறிந்த மனிதரும் அவ்வாறே. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின் தங்கவயலின் இளையோர் விடியற்கால இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றனர். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த முதல் தலைமுறை தன்னோடு கொண்டுவந்த செடிப்பெயர்கள், கன்னட, தெலுங்குப் பெயர்களோடு எங்கே ஒத்தன, எங்கே மாறின என்பதை அறிந்தவர்கள் முதியோர் மட்டுமே. அகராதியில் ‘ஒருவகைப் பூண்டு’ என்று குறித்துவிட்டால் சொல் பிழைத்ததாகிவிடாது. அது எந்தச் செடி என்பது அவர்களோடு போய்விடும்.

செய்ய வேண்டியது புதிதன்று. சாமுவேல் பிரவுன் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்ததே. பூவும் காயும் உள்ள ஒரு கிளையை நாளிதழின் இடையே வைத்து உலர்த்துதல். அதே தாளில் ஊர், நாள், நிலத்தின் தன்மை, பெயர் சொன்னவரின் மொழி, அவர் சொன்ன ஒலியிலேயே பெயர் ஆகியவற்றை எழுதுதல். இயன்றால் அக்குரலைப் பதிவுசெய்தல். திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்செடியகத்தில் கே. எம். மேத்யூ ஊர் ஊராகச் செடிகளைத் திரட்டி, 1980களின் தொடக்கத்தில் தமிழகக் கருநாடகச் சமவெளியின் தாவர நூலை முடித்தது இத்தகைய உழைப்பால்தான். பாலாற்றின் மேற்பகுதிக்கு, மூன்று மொழிப் பெயர்களோடு, அவ்வாறான ஒரு பதிவு தேவை. மழைக்குப் பின் வெள்ளறுகு பூக்கும் நாட்களில், பேத்தமங்களாக் கரையில் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரிடம் செடியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.